விளக்கும் பூவும்: வணிகர் அறிய வேண்டிய ஒளிக் கணக்கு

ஆயுத பூசைக்கு முதல் நாள் சாமந்திப் பூவின் விலையைக் கேட்டு மலைத்து நிற்காத வணிகர் நம்மில் யாரும் இல்லை. மளிகைக் கடையோ, இரும்புக் கடையோ, ஜவுளிக் கடையோ, அன்றைக்குக் கல்லாப் பெட்டிக்கும் தராசுக்கும் பூச்சரம் சாத்தியே ஆக வேண்டும். நமது செய்யூரில் கந்தசாமி கோயிலில் ஆடிக் கிருத்திகை, பங்குனி உத்திரம் என்று விசேஷம் வந்துவிட்டால் பூக்கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருப்பதில்லை. முகூர்த்த நாளில் ஏறும் விலை, மறுநாள் தலைகீழாக இறங்கிவிடும். பூ வியாபாரத்தில் லாபமும் நஷ்டமும் பூவின் அழகில் இல்லை, அது வந்து சேரும் நாளில் இருக்கிறது.

அந்த நாளை மனிதன் தன் விருப்பத்துக்குத் தள்ளிப் போடவும் முன்னுக்கு இழுக்கவும் முடியுமா? முடியும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் பக்கத்திலும் இரவில் பயணம் செய்தவர்கள் சாமந்தித் தோட்டங்களில் வரிசை வரிசையாக மின்விளக்குகள் எரிவதைப் பார்த்திருக்கலாம். திருவிழாவோ என்று நினைக்கத் தோன்றும். அது காவலுக்காக வைத்த விளக்கும் அல்ல. சாமந்திச் செடியிடம் ‘இப்போது பூக்காதே, இன்னும் கொஞ்சம் வளர்’ என்று விவசாயி சொல்லும் சொல்தான் அந்த விளக்கு.

இந்த விஷயம் விவசாயிக்கு மட்டும் உரியதன்று. பல்பு விற்பவர் நாம். விதைப் பாக்கெட் விற்பவர் நாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குபவர் நாம். இரவெல்லாம் கடை வாசலில் விளக்கு எரிய விடுபவரும் நாமே. ஆகவே ஒளிக்கும் பூவுக்கும் உள்ள கணக்கை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

பகல் குறுகுவதைச் செடி எப்படி அறிகிறது?

நமது பகுதியில் ஆனி மாதத்தில் பகல் நேரம் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மார்கழியில் அது ஏறத்தாழ 11 மணி 25 நிமிடமாகக் குறைகிறது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது பெரிதாகத் தெரியாது. செடிக்கு நன்றாகவே தெரிகிறது.

இதை நம் முன்னோர் புத்தகம் படித்து அறியவில்லை, வயலில் அறிந்தார்கள். செங்கல்பட்டுச் சீமையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள் உண்டு. பழைய சம்பா நெல் வகைகள் பலவற்றைக் கொஞ்சம் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கதிர் வாங்கும். பகல் குறுகி, இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகைக்காக அந்தப் பயிர் காத்திருக்கும். அதே சம்பாவைத் தவறான பட்டத்தில் விதைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 போன்ற ரகங்களின் சிறப்புகளில் ஒன்று, அவை பகல் நீளத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை என்பது. எந்தப் பட்டத்தில் நட்டாலும் நாள் கணக்குப்படி கதிர் வரும். நமது அரிசி மண்டிகளுக்கு ஆண்டு முழுவதும் நெல் வரத்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோயம்புத்தூரில் அமைத்தார்கள். கரும்பு அதிகம் விளைந்தது வடநாட்டில். நிலையம் மட்டும் ஏன் இங்கே? வடக்கே கரும்பு சரிவரப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோவையின் பகல் நீளமும் மிதமான இரவுக் குளிரும் சேர்ந்து இங்கே கரும்பைப் பூக்க வைக்கின்றன. பூத்தால்தான் ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் எடுக்கலாம். பார்பர், வேங்கடராமன் ஆகிய இருவரின் உழைப்பில் அங்கே பிறந்த ‘கோ’ ரகங்கள்தாம் இந்தியச் சர்க்கரைத் தொழிலின் முகத்தையே மாற்றின. நாம் நிறுத்துக் கொடுக்கும் சர்க்கரைக்குப் பின்னாலும் இந்தப் பகல், இரவுக் கணக்கு இருக்கிறது.

விஞ்ஞானிகள் கண்ட உண்மை

1920-இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலைச் செடி ஒன்றை ஆராய்ந்து, அது எப்போது பூக்கும் என்பதைப் பகலின் நீளமே தீர்மானிக்கிறது என்று வெளியிட்டார்கள். அதன் பிறகு செடிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் செடிகள். சாமந்தி, பழைய சம்பா நெல், கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் சிவப்பு இலைப் பாயின்செட்டியா ஆகியவை இந்த வகை. பகல் நீளும்போது பூப்பவை நெடும்பகல் செடிகள். பெட்டூனியா போன்ற அலங்காரச் செடிகள் பல இதில் அடங்கும். தக்காளியைப் போல் பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாதவை மூன்றாவது வகை.

1938-இல் ஹாம்னர், பான்னர் என்ற இருவர் அடுத்த உண்மையைக் கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்ப் புறம்போக்கில் முள்காயுடன் வளர்ந்து கிடக்கும் மருளூமத்தை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலே போதும், அந்தச் செடி பூக்காமல் நின்றுவிட்டது. ஆக, செடி அளப்பது பகலை அல்ல, இடையூறு இல்லாத இருட்டை. குறும்பகல் செடி என்று நாம் சொல்வது உண்மையில் நெடிய இரவு கேட்கும் செடி.

எந்த நிற ஒளி இந்த வேலையைச் செய்கிறது? 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் விடை கண்டார்கள். வேலை செய்வது 660 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்பு ஒளி. அதைக் காட்டிய கையோடு 730 நானோமீட்டர் அளவிலுள்ள ஒளியைக் காட்டினால் சிவப்பின் வேலை அழிந்துபோகிறது. இந்த இரண்டாவது ஒளியைத்தான் தொலைச்சிவப்பு என்கிறோம். சிவப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும் இடையில், பார்வையின் ஓரத்தில் இருக்கும் மங்கலான ஒளி அது.

சிவப்பு, தொலைச்சிவப்பு, மீண்டும் சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினால் என்ன ஆகும்? ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகைதான் செல்லும் அல்லவா? அதுபோலவே கடைசியாகக் காட்டிய ஒளிதான் செல்லுபடியாகிறது. கீரை வகையைச் சேர்ந்த லெட்யூஸ் விதைகளில் இதை முதலில் பார்த்தார்கள். கடைசி ஒளி சிவப்பானால் விதை முளைத்தது. தொலைச்சிவப்பானால் பெரும்பாலும் முளைக்காமல் கிடந்தது.

செடிக்குள் ஒரு ஷட்டர்

இந்த வேலையைச் செய்யும் நிறமியை 1959-இல் கண்டறிந்தார்கள். அதற்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். நமது கடை ஷட்டரைப் போல அதை நினைத்துக்கொள்ளலாம். சிவப்பு ஒளி பட்டால் ஷட்டர் திறக்கிறது, தொலைச்சிவப்பு பட்டால் மூடுகிறது. இருட்டில் விட்டுவைத்தால் தானாக மெதுவாக இறங்குகிறது. ஷட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், தன் உள்ளே ஓடும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் செடி பருவத்தை அறிகிறது.

பருவம் வந்தது என்று தெரிந்ததும் இலையிலிருந்து ஒரு செய்தி நுனிக்குப் போகிறது. அப்படி ஒரு செய்தி இருக்க வேண்டும் என்று 1930-களிலேயே சோவியத் விஞ்ஞானி சைலாக்கியான் சொன்னார். அதற்கு ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அது ஒரு சிறு புரதம் என்று 2007-இல் ஆராய்ச்சியாளர்கள் நெல் முதலிய செடிகளில் காட்டினார்கள். ஆள் இன்னார் என்று தெரிய எழுபது ஆண்டுகள் ஆயின.

தொலைச்சிவப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இலை சிவப்பு ஒளியை உண்டுவிடும், தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். ஆகவே மரநிழலில் நிற்கும் செடிக்குத் தொலைச்சிவப்பே அதிகம் கிடைக்கிறது. ‘நம் தலைக்கு மேல் வேறொருவன் நிற்கிறான்’ என்று அறிந்துகொண்டு அது உயரத் தாவுகிறது. தண்டு மெலிந்து நீளுகிறது. வீட்டு வரவேற்பறையில் பழைய குண்டு பல்பின் கீழ் வைத்த தொட்டிச் செடிகள் நெடுநெடுவென்று வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குண்டு பல்பில் தொலைச்சிவப்பு தாராளமாக இருந்தது. இப்போதைய வெள்ளை எல்.இ.டி. பல்பில் அது மிகக் குறைவு.

சாமந்தித் தோட்டத்து விளக்குக் கணக்கு

இப்போது கிருஷ்ணகிரித் தோட்டத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் சாமந்தி நட்டால் இரவு நீளமாக இருப்பதால் செடி ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். கிளை இல்லை, எனவே பூவும் இல்லை. ஆகவே நட்டது முதல் ஒரு மாத அளவுக்கு, நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் விளக்கு எரிய விடுகிறார்கள். நீண்ட இரவு இரண்டு சிறிய இரவுகளாகப் பிளந்துபோகிறது. கோடைக்காலம் என்று எண்ணிச் செடி தழைத்துக் கிளை விடுகிறது. போதிய வளர்ச்சி வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். அதன்பின் எல்லாச் செடியும் ஒருசேர மொட்டு வைக்கும். ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 8 முதல் 10 வாரத்தில் பூ சந்தைக்கு வரும். எந்த முகூர்த்தத்துக்குப் பூ வேண்டும் என்று பின்னோக்கி எண்ணி விளக்கை அணைக்கும் நாளைக் குறிக்கலாம். நீலகிரியில் பசுமைக் குடில்களில் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்களும் இதே முறையைக் கையாளுகிறார்கள்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 60 வாட்ஸ் குண்டு பல்பு 100 வைத்து, இரவுக்கு 4 மணி நேரம் எரித்தால் ஓர் இரவுக்கு 24 யூனிட், 30 இரவுக்கு 720 யூனிட். அதே இடத்தில் 10 வாட்ஸ் எல்.இ.டி. 100 வைத்தால் ஓர் இரவுக்கு 4 யூனிட், 30 இரவுக்கு 120 யூனிட். ஆறில் ஒரு பங்கு. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பிறகு எல்.இ.டி. பல்பின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. சாமந்தியைத் தடுத்து நிறுத்தச் சிவப்பு ஒளிதான் முக்கியம் என்பதால் எல்.இ.டி. அதற்குப் போதும். ஒரே எச்சரிக்கை: பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பில் விளக்குப் போடலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு அபராதம் கட்டும் நிலை வந்தால் விளக்கு விற்ற நம்மையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள்.

நெடும்பகல் செடிகளின் கதை வேறு. அவற்றைச் சீக்கிரம் பூக்க வைக்கச் சிவப்பு மட்டும் போதாது. சிவப்பும் தொலைச்சிவப்பும் கலந்து கொடுத்தால்தான் பல செடிகள் நன்றாகப் பூக்கின்றன என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குண்டு பல்பு இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து வந்தது. அது சந்தையை விட்டுப் போனதும், சிவப்பு, வெள்ளை, தொலைச்சிவப்பு மூன்றும் சேர்ந்த தனி எல்.இ.டி. விளக்குகள் தோட்டக்காரர்களுக்காக வந்தன.

வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் இரவில் விளக்கொளியில் நகரம் போல் மின்னுவது உலகப் புகழ் பெற்றது. டிராகன் பழச் செடி நீண்ட பகலில் பூப்பது. பகல் குறுகிய மாதங்களில் இரவில் விளக்கெரித்துப் பருவமில்லாக் காலத்திலும் காய்க்க வைக்கிறார்கள். 2021-இல் குஜராத் அரசு ‘கமலம்’ என்று பெயர் சூட்டிய இதே பழம் நமது பழக்கடைகளிலும் இப்போது சாதாரணமாகிவிட்டது. பருவம் தப்பிய பழத்துக்கு விலை அதிகம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளக்கு விற்பவர் கவனத்துக்கு

மாமல்லபுரம் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் தங்கும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் வந்துவிட்டன. அறைக்குள் தொட்டிச் செடி வைப்பது நாகரிகமாகிவிட்டது. அதனுடன் ‘செடி விளக்கு’ என்று ஊதா நிறத்தில் ஒளிரும் பல்புகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. மின்சாமான் கடை நடத்தும் நமது உறுப்பினர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஊதா விளக்குகள் பலவற்றில் நீலமும் சிவப்பும் மட்டுமே இருக்கும். தொலைச்சிவப்பு இருக்கிறதா என்று அறியப் பெட்டியில் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 730 நானோமீட்டர் என்று இருந்தால்தான் அது தொலைச்சிவப்பு. அச்சிடவில்லை என்றால் ‘தெரியாது’ என்று சொல்லி விற்பதே நாணயம்.

இரண்டாவது, தொலைச்சிவப்பு விளக்கு நம் கண்ணுக்கு மிக மங்கலாகத்தான் தெரியும். வாங்கிப் போனவர் ‘விளக்கு எரியவில்லை, கெட்டுப்போன சரக்கு’ என்று திருப்பிக் கொண்டுவருவார். விற்கும்போதே சொல்லிவிட்டால் வீண் வாக்குவாதம் இல்லை. லூமன் கணக்கும் இதற்குப் பொருந்தாது. லூமன் என்பது மனிதக் கண்ணை வைத்து அளப்பது, செடியை வைத்து அல்ல.

மூன்றாவது, ‘இதைப் போட்டால் எந்தச் செடியும் பூக்கும்’ என்று சொல்லி விற்கக் கூடாது. தொலைச்சிவப்பு செடிக்குச் செடி வேறு விதமாக வேலை செய்கிறது. ஒன்றைப் பூக்க வைக்கும், இன்னொன்றை வெறுமனே நீள வைக்கும். மல்லிக்குக் கவாத்தும் வெயிலும்தான் பிரதானம். நமது செய்யூர், மதுராந்தகம் பக்கத்துத் தர்பூசணிக்காரருக்கும் இந்த விளக்கால் பயனில்லை. பாயின்செட்டியா, கலஞ்சோ போன்றவற்றுக்கு விளக்கே தேவையில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் மாலை முதல் காலை வரை விளக்கு வெளிச்சம் படாத அறையில் வைத்து, பகலில் வெயில் காட்டினால் போதும், பூத்துவிடும். வாங்கிய ஆண்டு பூத்தது, மறு ஆண்டு பூக்கவில்லை என்று புகார் சொல்பவரிடம் ‘ராத்திரி அந்த அறையில் விளக்கு எரிகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். பொருளே விற்காமல் ஒரு யோசனையைக் கொடுத்தோம் என்றால் அந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.

பொய்யான விளம்பரத்தை நம்பி வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பில் போட்டுக் கொடுத்தவர் நாம்தானே!

மளிகைக் கடைக்குள்ளும் இதே கணக்கு

வெங்காயம் குமிழ் பிடிப்பதும் பகல் நீளத்தைப் பொறுத்ததே. நம் நாட்டு வெங்காய ரகங்கள் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலிலேயே குமிழ் பிடிக்கும். குளிர் நாட்டு ரகங்களில் பல, 14 மணி நேரமோ அதற்கு மேலோ பகல் கேட்பவை. நமது ஊரில் ஆண்டின் எந்த நாளிலும் அவ்வளவு நீளமான பகல் கிடையாது. ஆகவே அழகான படம் போட்ட வெளிநாட்டு வெங்காய விதைப் பாக்கெட்டை விற்றால், வாங்கியவர் தாளைத்தான் அறுப்பார், வெங்காயத்தை அல்ல. அவர் ஒரு பருவ உழைப்பை இழப்பார், நாம் ஒரு வாடிக்கையாளரை இழப்போம். விதை விற்க 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்து விளக்கடியில் கொட்டி வைத்தால் சில நாளில் தோல் பச்சையாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒளி பட்டதும் கிழங்கு தான் மண்ணுக்கு வெளியே வந்துவிட்டதாக உணர்ந்து பச்சையம் தயாரிக்கிறது. கூடவே சோலனின் என்ற கசப்பு நஞ்சும் ஏறுகிறது. பச்சையான கிழங்கை விற்கக் கூடாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் முன்னால் கொட்டி, மீதியைச் சாக்குப் போட்டு மூடி, காற்றோட்டமான இருட்டில் வைப்பதே முறை. இரவு கடை சாத்தும்போது கிழங்குக் குவியலின் மேலுள்ள விளக்கை அணைத்துவிட வேண்டும்.

நம் கடை விளக்கும் பக்கத்து வயலும்

இதுவரை சொன்னவற்றில் நமக்கு வரும் லாபத்தைப் பார்த்தோம். நம்மால் பிறருக்கு வரும் நஷ்டத்தையும் பார்க்க வேண்டும்.

முன்பு கடைத்தெருவில் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இப்போது அப்படி இல்லை. சாலை ஓரக் கடைகள், கிடங்குகள், பெட்ரோல் பங்குகள், கல்யாண மண்டபங்கள் என்று எங்கும் வயலைப் பார்த்தபடி எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. மின்சாரச் செலவு குறைந்ததால் அணைக்க வேண்டும் என்ற எண்ணமும் குறைந்துவிட்டது.

சாமந்தியை நிறுத்தும் அதே வேலையை இந்த விளக்கு நெல்லுக்கும் செய்யும். நீண்ட இரவுக்காகக் காத்திருக்கும் சம்பா ரகம் விளக்குக்கு அருகில் நின்றால், இரவு வரவே இல்லை என்று எண்ணிக் கதிர் வாங்கத் தாமதிக்கும். வயலின் மற்ற பகுதி முற்றி நிற்க, விளக்கடியில் மட்டும் ஒரு திட்டு பச்சையாக நிற்கும். அறுவடை இயந்திரம் ஒரே நாளில்தான் வரும். பச்சைத் திட்டில் இருப்பது பதராகவே போகும். மண்ணில் குறை, உரத்தில் குறை என்று விவசாயி அலைவார். குறை மேலே தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஜப்பானில் தெருவிளக்கால் நெல் கதிர் தாமதிப்பதைப் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். யாமகுச்சி பல்கலைக்கழகத்தில் நெல்லைப் பாதிக்காத எல்.இ.டி. தெருவிளக்கை உருவாக்கும் முயற்சியே நடந்தது.

குறுகிய கால ரகங்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம் இராது. ஆனால் மாப்பிள்ளை சம்பா முதலிய பாரம்பரிய அரிசிக்கு இப்போது நமது கடைகளிலேயே கிராக்கி ஏறியிருக்கிறது. அவற்றைத் திரும்பப் பயிரிடும் விவசாயிகள் கூடி வருகிறார்கள். பாரம்பரிய ரகங்களில்தான் பருவம் பார்க்கும் குணம் அதிகம். ஒரு கையால் அந்த அரிசியை அடுக்கி விற்றுக்கொண்டு, மறு கையால் அதன் கதிரைத் தடுப்பது நியாயமா?

அறுவடைக்கு அறுவடை கணக்குத் தீர்ப்பவர் விவசாயி. அவர் வயலில் ஒரு மூட்டை குறைந்தால் நமது கடன் நோட்டில் ஒரு வரி கூடும். ஆகவே இது தர்மம் மட்டுமல்ல, வியாபாரமும்கூட.

பாதுகாப்பை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. திருட்டுப் பயம் உண்மையானதே. இரண்டையும் சேர்த்துக் காக்க வழி இருக்கிறது:

1. வயலைப் பார்த்திருக்கும் ஃபோகஸ் விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். மேலேயும் பக்கத்திலும் தகர மறைப்புப் போடுங்கள். வெளிச்சம் நம் வாசலில் விழட்டும், பிறர் வயலில் வேண்டாம்.

2. ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார் விளக்குகள் கிடைக்கின்றன. திருடனுக்கும் அதுவே அதிகப் பயம் தரும்.

3. கண்காணிப்புக் கேமராவின் இரவு விளக்குகள் பல, 850 நானோமீட்டர் அளவிலுள்ள அகச்சிவப்பு ஒளியைத் தருபவை. அது தொலைச்சிவப்பையும் தாண்டியது. பயிரின் ஷட்டரை அது அசைப்பதில்லை. கேமரா இருக்கும் இடத்தில் பெரிய விளக்கு தேவையில்லை.

4. பெயர்ப்பலகை விளக்குக்கு டைமர் போட்டுக் கடை சாத்திய அரை மணியில் அணையும்படி வையுங்கள்.

5. புரட்டாசி முதல் கார்த்திகை வரையாவது பக்கத்து வயல்காரரிடம் என்ன ரகம் போட்டிருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பா என்றால் அந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

விளக்கின் நிறத்தை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். வெள்ளை விளக்கிலும் மஞ்சள் விளக்கிலும் சிவப்புப் பகுதி இருக்கத்தான் செய்கிறது. மறைப்பதும் அணைப்பதும்தான் உறுதியான வழி.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் பெரியவர்கள். பட்டத்தைச் செடி தேடிக்கொள்வது இருட்டின் அளவைப் பார்த்து. அந்த இருட்டை விலை கொடுத்துப் பிளந்து சாமந்தியில் லாபம் பார்க்கிறார் ஒரு விவசாயி. கேட்காமலே பிளந்து சம்பாவில் நஷ்டம் வாங்கித் தருகிறோம் நாம். இரண்டையும் செய்வது ஒரே விளக்கு, வித்தியாசம் அறிந்து எரிப்பதில்தான் இருக்கிறது. இந்த மாதம் நமது உறுப்பினர் ஒவ்வொருவரும் கடை சாத்தியபின் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தம் கடை வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்து வருவார்களாக. வயலில் விழுந்தால் மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு தகரத் துண்டும் நாலு திருகாணியும் ஆகும் செலவு. பக்கத்து வயலில் கதிர் ஒன்றுபோல் வந்தால், அந்தச் செலவு தை மாதத்தில் நம் கல்லாவுக்கே திரும்பி வரும்.